முதலை ஏன் தவளையின் கூட்டத்தில் சேராது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் அறிவியல் பயிற்சியில் முதலையை நீர்நில வாழ்வன என்றும் வௌவாலைப் பறவை என்றும் எழுதினாள். இரண்டுமே தவறு என்று சிவப்பு மையில் குறி விழுந்தது. “முதலை தண்ணீரிலும் இருக்கிறது, கரையிலும் கிடக்கிறது. அப்புறம் ஏன் தவறு?” என்று அவள் விடாமல் கேட்கிறாள். பாயான் லெப்பாஸ் பாம்புக்கோயிலுக்குப் போயிருந்தபோது அங்குள்ள பாம்பு குட்டி போடும் என்று யாரோ சொல்ல, “அப்படியென்றால் பாம்பு பாலூட்டியா?” என்று இன்னொரு கேள்வியும் முளைத்திருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா என்பது தாயின் கேள்வி.

உண்டு. பினாங்கில் வளரும் பிள்ளைக்கு அந்த வழி இன்னும் எளிது. கடல், சேற்றுநிலம், மலைக்காடு, சந்தை எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகள் எங்கே வழி மாறினாள் என்று பார்ப்போம். முதலை எங்கே வாழ்கிறது, வௌவால் எப்படி நகர்கிறது என்று பார்த்துப் பிரித்திருக்கிறாள். கண்ணில் முதலில் படுவது அதுதான். பெரிய அறிஞர்களும் அங்கே தடுக்கியிருக்கிறார்கள். உயிரினங்களை முறையாக வகைப்படுத்தியவர் என்று உலகம் கொண்டாடும் சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1735-இல் தம் நூலை முதலில் வெளியிட்டபோது திமிங்கலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அவருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், ஓங்கில், அதாவது டால்பின், காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது என்று கவனித்து எழுதிவைத்திருந்தார். இதை மகளிடம் சொல்லுங்கள். தவறு போட்ட தாளைப் பார்த்து அவள் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

நம் தொல்காப்பியத்தின் மரபியலிலும் ஒரு வகைப்பாடு இருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும், சங்கு, நத்தை போன்றவற்றுக்கு இரண்டறிவு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குகளுக்கு ஐந்து, மனிதனுக்கு ஆறு. அங்கே அளவுகோல் புலன். எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்பக் கூட்டம் மாறும் என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இன்றைய அறிவியல் எடுத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் வம்சம். எது எதோடு பொதுவான மூதாதையிலிருந்து வந்தது என்பதே கேள்வி. கல்யாண வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து நாம் உறவு சொல்வதில்லை அல்லவா? விலங்குகளும் அப்படித்தான். தண்ணீரில் இருப்பதும் மரத்தில் இருப்பதும் அவை உட்கார்ந்திருக்கும் இடம். உறவு உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த உடம்பைப் படிக்கப் பிள்ளைக்கு மூன்று கேள்விகள் போதும். மேல்தோலை மூடியிருப்பது எது: முடியா, இறகா, உலர்ந்த செதிலா, ஈரத்தோலா? பிறந்த நாள் முதல் எதைக் கொண்டு சுவாசிக்கிறது? குட்டியோ குஞ்சோ எப்படி வருகிறது, முதல் உணவு என்ன? முதுகெலும்பு இருக்கிறதா என்பதை இவற்றுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்; அது இல்லையென்றால் பாலூட்டி, பறவை, ஊர்வன, நீர்நில வாழ்வன, மீன் என்ற ஐந்துக்குள் நுழையவே முடியாது.

இப்போது முதலைக்கு வருவோம். இதில் முட்டைதான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நல்ல மழைக்கு மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் தேங்கிய நீரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேரை முட்டையிட்டிருந்தால், கண்ணாடி போன்ற வழுவழுப்பான நீளமான சரம் ஒன்று புல்லைச் சுற்றிக் கிடக்கும். அதற்குள் கடுகு போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஓடு கிடையாது. வெயில் ஏறி நீர் வற்றினால் அவ்வளவுதான், சரம் காய்ந்து கருகிவிடும். நீர் நின்றால் புள்ளிகள் தலைப்பிரட்டைகளாகும், செவுளால் சுவாசிக்கும், வாலால் நீந்தும். பிறகு கால் முளைத்து, வால் சுருங்கி, நுரையீரல் வளர்ந்து கரையேறும். ஒரே உயிர் இரண்டு விதமான உடம்போடு இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. நீர்நில வாழ்வன என்று நாம் சொல்வது இதைத்தான்.

அடுத்து வீட்டுச் சுவரைப் பார்க்கலாம். சாமிப்படத்துக்குப் பின்னாலோ அலமாரி இடுக்கிலோ பல்லி இட்ட முட்டைகள் இருக்கும். பெரும்பாலும் இரண்டு, வெள்ளையாக, சிறிய உருண்டையாக. தொட்டால் கெட்டியான ஓடு தெரியும். எந்த நீரும் அருகில் இல்லாமல் அந்தக் காய்ந்த இடத்திலேயே குஞ்சு வளர்கிறது. தனக்கு வேண்டிய ஈரத்தை முட்டை தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளியே வரும் குஞ்சு தாயின் அச்சு, அளவில் மட்டும் சிறிது. இடையில் வேறு உருவம் எதுவும் இல்லை.

முதலை இந்த இரண்டில் எதைப் போல என்று மகளிடமே கேளுங்கள். நாளெல்லாம் ஆற்றில் கிடந்தாலும் முட்டையிட அது கரைக்கு வந்தாக வேண்டும். இலைதழைகளையும் மண்ணையும் குவித்துக் கூடு கட்டி, ஓடுள்ள முட்டைகளை அதற்குள் இட்டுக் காவல் காக்கும். அந்த முட்டை நீருக்குள் மூழ்கினால் கரு மூச்சுத் திணறிச் செத்துவிடும், ஏனென்றால் ஓட்டின் நுண்துளைகள் வழியே அதற்குக் காற்று வேண்டும். வெளிவரும் குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே நுரையீரல்தான். தோல் உலர்ந்த செதில். ஆக முதலை பல்லியைப் போல ஓர் ஊர்வன. தேரையின் முட்டை காற்றில் காய்ந்து சாகும், முதலையின் முட்டை நீரில் மூழ்கிச் சாகும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் அவளுக்கு வாழ்நாளில் குழம்பாது. நம்மூர்ப் பெரிய கால்வாய்களில் நீந்தித் திரியும் உடும்பையும் இப்போது அவளே சரியான இடத்தில் வைத்துவிடுவாள்.

வௌவாலுக்கு வேறு விதமாகப் போக வேண்டும். பறப்பதால் பறவை என்ற எண்ணத்தை அசைக்க, பறக்கிறவற்றையே வரிசையாக நிறுத்திக் காட்டுவதுதான் நல்லது. பினாங்கின் கொடிமலைக் காட்டில் பறக்கும் லெமூர் இருக்கிறது. பகலில் மரத்தண்டை அணைத்தபடி பாசி படிந்த மரப்பட்டை போலவே ஒட்டிக்கிடக்கும். பெயரில் இருந்தாலும் அது லெமூரும் இல்லை, உண்மையில் பறப்பதும் இல்லை. கழுத்திலிருந்து விரல் நுனி, பின்கால், வால் நுனி வரை ஒரே தோல் விரிப்பு. அதைப் பரப்பிக்கொண்டு மரத்திலிருந்து மரத்துக்கு நூறு மீட்டருக்கு மேலும் சறுக்கிச் செல்லும். குட்டி தாயின் வயிற்றில் தொங்கிக்கொண்டே பால் குடிக்கும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் பொறுமையாக மரத்தண்டுகளை நோக்கினால் பறக்கும் ஓணானைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அதன் விலா எலும்புகளே பக்கவாட்டில் நீண்டு, இடையில் உள்ள தோலைக் குடைபோல விரிக்கின்றன. மலேசியக் காடுகளில் சறுக்கும் பாம்புகூட இருக்கிறது. விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கி, காற்றில் நெளிந்தபடியே இறங்கும்.

வௌவாலின் சிறகு இவை எதையும் போல இல்லை. அதன் படம் ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, சிறகுக்குள் இருக்கும் எலும்பை மகளின் விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேல் விளிம்பில் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருப்பது கட்டைவிரல், நகத்தோடு. மற்ற நான்கு விரல்களும் நீளமாக வளர்ந்து, அவற்றுக்கிடையில் மெல்லிய தோல் இழுத்துக் கட்டியிருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நம் கையில் உள்ள வரிசையிலேயே இருக்கும். பறவைக்கோ விரல்கள் குறைந்து ஒட்டிப்போய், பறக்கும் வேலையை இறகுகள் செய்கின்றன. கோழிச் சிறகைச் சமைக்கும்போது பிரித்துப் பார்த்தால் நுனியில் அந்த ஒட்டிய விரல்கள் தெரியும். வௌவாலின் உடம்பில் முடி உண்டு, இறகு ஒன்றுகூட இல்லை. குட்டி ஈனுகிறது, பால் கொடுக்கிறது. உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வௌவால் என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும்: டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் தேன் சுரக்கிறது, அதைத் தேடி வரும் வௌவால்களே மகரந்தத்தைச் சுமந்து செல்லும் முக்கியமான விலங்குகள். பாலிக் பூலாவ் டுரியானை ஆசையாகச் சாப்பிடுகிற நாம் வௌவாலைக் கண்டால் கல்லெறியும் பழக்கத்தை விட வேண்டும்.

பாம்புக்கோயில் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி. அங்கே மரக்கிளைகளில் பச்சையும் மஞ்சளுமாகச் சுருண்டிருப்பவை ஒரு வகைக் குழிவிரியன்கள். அவை குட்டி போடும் என்பது சரிதான். ஆனால் அது தாயின் வயிற்றுக்குள் நடந்த அடைகாப்பு என்று கொள்ளலாம். முட்டைகள் வெளியே வராமல் உள்ளேயே வளர்ந்து, குட்டி முழு உருவத்தோடு வெளிவருகிறது. பிறகு தாய் பால் கொடுப்பதில்லை. கொடுக்க அதற்குப் பால் சுரப்பியே கிடையாது. வீட்டுத் தோட்டத்தில் வெயில் காயும் அரணையிலும் இப்படிக் குட்டி போடும் இனம் உண்டு. பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கப்பி மீனும் அதையேதான் செய்கிறது. ஆகவே “குட்டி போட்டால் பாலூட்டி” என்று நாம் பழக்கிவைத்திருக்கும் விதி உடைந்த விதி. அதை வீட்டில் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ் முட்டையிடும். வாத்தின் அலகு போன்ற வாய், நீர்நாய் போன்ற உடம்பு. அதன் பதப்படுத்திய தோல் இங்கிலாந்துக்கு வந்தபோது, 1799-இல் அதை முதன்முதலாக விவரித்து எழுதிய ஜார்ஜ் ஷா, யாராவது இரண்டு விலங்குகளை ஒட்டித் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். ஆனால் உடம்பெங்கும் முடி, முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தாய்ப்பால். காம்பு இல்லை; வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குஞ்சு நக்கிக் குடிக்கிறது. முட்டையிட்டாலும் அது பாலூட்டிதான். பாலும் முடியும் இந்தக் கூட்டத்தின் அசைக்க முடியாத அடையாளங்கள்.

இதே அளவுகோலைத் திமிங்கலத்துக்கும் ஓங்கிலுக்கும் வைத்துப் பாருங்கள். ஓங்கில் குட்டி பிறக்கும்போது அதன் மூக்குப் பகுதியில் சில மீசை முடிகள் இருக்கும், பின்னர் உதிர்ந்துவிடும். காணொளியில் வாலைக் கவனிக்கச் சொல்லுங்கள்: மீன் வாலை இடமும் வலமும் அசைக்கும், ஓங்கில் மேலும் கீழும் அசைக்கும். நிலத்தில் பாய்ந்து ஓடும் பாலூட்டியின் முதுகு வளைவதும் அப்படித்தான். நான்கு கால்களில் நடந்த மூதாதை கடலுக்குப் போனபோது அந்த அசைவையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது. அழுங்கு, அதாவது மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்று சொல்லும் விலங்கு, செதில் போர்த்தியிருப்பதால் பலர் அதை ஊர்வன என்று நினைக்கிறார்கள். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. வயிற்றுப் பக்கம் முடி இருக்கும். குட்டி தாயின் வாலில் ஏறி உட்கார்ந்து சவாரி செய்யும். அந்தச் செதிலுக்காகவே வேட்டையாடப்பட்டு, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

மீனுக்குச் சந்தையே போதும். கெம்போங் மீன் வாங்கி வந்தால் வெட்டுவதற்கு முன் மகளைக் கூப்பிட்டுச் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டுங்கள். உள்ளே சிவந்த சீப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் சிவப்பு இரத்தம். நீரிலுள்ள ஆக்சிஜன் அந்த மெல்லிய இதழ்கள் வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. மீனைப் பிளந்து முள்ளந்தண்டையும் தொட்டுப் பார்க்கட்டும். அதே பையில் கணவாயும் இறாலும் இருந்தால் அவற்றிலும் முள்ளைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. கணவாய்க்குள் இருக்கும் கண்ணாடித் தகடு எலும்பு இல்லை; கணவாய் நத்தையின் உறவு, இறால் நண்டின் உறவு. கடலில் வாழ்வதெல்லாம் மீன் இல்லை என்பது அடுப்பங்கரையிலேயே முடிந்துவிடும். சதுப்புநிலக் கரையில் சேற்றின் மேல் தத்திச் செல்லும் பெலாச்சாக் நேர்மாறு. மணிக்கணக்கில் கரையில் இருந்தாலும் அது மீன்தான். செவுள் அறைக்குள் நீரைத் தேக்கிவைத்துக்கொள்ளும், ஈரமான தோலாலும் சுவாசிக்கும், நடப்பது துடுப்பால்.

முதுகெலும்பில்லாதவை உலகின் விலங்கு இனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஆறு கால் பூச்சி, எட்டுக் கால் சிலந்தி, ஓட்டோடு நத்தை, வளையம் வளையமாக மண்புழு என்ற அளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். மண்புழு தரையோடு ஊர்ந்து போவதால் அதை ஊர்வனவில் சேர்க்கும் பிள்ளைகள் நிறைய. முதுகெலும்பு இருக்கிறதா என்ற முதல் கேள்வியைக் கேட்டாலே அது விலகிவிடும்.

பறவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கேள்வி கேட்கும் பிள்ளை என்பதால் சொல்கிறேன். கோழிக்காலை அவளிடம் கொடுத்துத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள்: செதில். 1861-இல் ஜெர்மனியில் கண்டெடுக்கப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ் புதைபடிவத்தில் இறகும் இருந்தது, ஊர்வனவைப் போலப் பல்லும் நீண்ட எலும்பு வாலும் இருந்தன. பறவைகள் டைனோசர் வம்சத்தின் வாரிசுகள் என்பதில் இன்று அறிவியலாளர்களுக்கு ஐயமில்லை. முதலைக்குப் பல்லியைவிடப் பறவைதான் நெருங்கிய உறவு. நம்மைப் போல நான்கறை இதயமும் முதலைக்கு உண்டு. தேர்வில் பறவையையும் ஊர்வனவையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள கோடு நாம் வசதிக்காகப் போட்டது என்பது அவளுக்கு இப்போதே தெரிந்திருப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை. மேல்வகுப்புக்குப் போகும்போது அதிர்ச்சி குறையும்.

விடை எழுதும் முறையையும் பழக்குங்கள். “முதலை ஊர்வன” என்று நிறுத்தாமல், “ஏனெனில்” என்று தொடர்ந்து உடம்பிலிருந்து இரண்டு சான்று எழுதச் சொல்லுங்கள். வாழும் இடத்தைச் சான்றாக எழுதக் கூடாது என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால், சில வாரங்களில் அவளே அதைத் தவிர்த்துவிடுவாள். கேட்டுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளும் உண்டு: தேரையைத் தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்; குழிவிரியன் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் நஞ்சுள்ளது, தள்ளி நின்றே பார்க்க வேண்டும்; குரங்குக்குத் தீனி கொடுக்கக் கூடாது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கிடைத்தால் தெலுக் பஹாங் வழியாகப் பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் போய், பந்தாய் கெராச்சூட் கடற்கரையிலுள்ள ஆமைப் பாதுகாப்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம், படகிலும் போகலாம். பச்சைக் கடலாமை வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்தாலும், முட்டையிட இரவில் மணலேறி வந்து, பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சுகள் வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம். அது ஏன் கடலுக்குள்ளேயே முட்டையிடுவதில்லை என்று மகளிடம் கேளுங்கள், அவளால் இப்போது காரணம் சொல்ல முடியும். அவளுக்குத் தெரியாத ஒன்றும் அங்கே இருக்கிறது: அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவுசெய்கிறது. சூடான மணலில் பெண் குஞ்சுகள் மிகுதி, சற்றுக் குளிர்ந்த மணலில் ஆண் குஞ்சுகள் மிகுதி. முட்டைகளை எவ்வளவு ஆழத்தில் புதைக்கிறார்கள், நிழலுக்கு என்ன செய்கிறார்கள் என்று அங்கே பணியில் இருப்பவர்களிடம் அவளே கேட்கட்டும்.